வரிக்குதிரை மீன் எங்கே தோற்கிறது?

வரிக்குதிரை மீன் பற்றிய அறிவியல் செய்திகளுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கு. அறுந்த தண்டுவடத்தை இந்தக் குட்டி மீன் தானே சரிசெய்துகொள்கிறது. ஆகவே நாளை முடங்கிய கால்களுக்கும் பார்கின்சனுக்கும் மருந்து வரும். முதல் பாதி உண்மை. அந்த "ஆகவே"தான் எனக்கு உறுத்துகிறது. ஏன்னா, இதை நம்பிக்கையோடு படிக்கிறவர்களில் நோயாளியின் வீட்டு ஆட்களும் இருக்காங்க.

இந்த ஆர்வத்தைப் பெரிதாகக் கிளப்பியது 2016இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கென்னத் பாஸ் ஆய்வகத்தில் மைசா மொகல்லெட் செய்தது. தண்டுவடத்தை முழுசா வெட்டினாலும் மீன் சுமார் எட்டு வாரத்தில் மறுபடி நீந்துகிறது. வெட்டின இடத்தில் கிளியா செல்கள் நீண்டு ஒரு பாலம் போடுகின்றன. நரம்பு இழைகளும் அந்த இடைவெளியைக் கடந்து வளர்கின்றன. பாலத்துக்கு சி.டி.ஜி.எஃப். என்ற புரதம் தேவை. அதை நீக்கினால் மீன் சரியாகத் தேறுவதில்லை. மனிதனின் சி.டி.ஜி.எஃப்.பைக் காயத்தில் சேர்த்தாலும் மீன் வேகமாகத் தேறுகிறது.

அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனா இதே புரதம் நம் உடம்பில் தழும்புத் திசு உருவாவதோடு சேர்த்துப் பேசப்படுவது. ஒரே செங்கல்தான், அங்கே பாலமாகிறது, இங்கே சுவராகிறது. செங்கல்லை மட்டும் கொண்டு வந்தால் போதாது, கொத்தனாரும் வேணும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. வெட்டு என்பது ஒரு முறை விழும் அடி. அடி நின்ற பிறகுதான் மீன் பழுது பார்க்கிறது. பார்கின்சனிலோ ஏ.எல்.எஸ்.ஸிலோ அடி நிற்பதே இல்லை. வருஷக்கணக்கில் நியூரான்கள் செத்துக்கொண்டே இருக்கின்றன. மழை விட்டதும் கூரை வேய்வது வேறு, கொட்டும் மழையில் வேய்வது வேறு. "மீளுருவாக்கம்" என்ற ஒரே சொல் இந்த இரண்டையும் மூடி மறைத்துவிடுகிறது.

அதனால்தான் 2019இல் ஜர்னல் ஆஃப் நியூரோசயன்ஸில் வந்த இன்னொரு ஆய்வை நான் உயர்வாக நினைக்கிறேன். எடின்பரோவில் தாமஸ் பெக்கர், காதரினா பெக்கர் குழுவினுடையது. வளர்ந்த மீனின் மூளையில் டோபமைன் நியூரான்களை ஒரு நச்சால் கொன்றுவிட்டுக் காத்திருந்தார்கள். சில கூட்டங்கள் திரும்பி வந்தன. சில முழுமையாகத் திரும்பவில்லை. கூட்டமாக நீந்துவதிலும் இனச்சேர்க்கையிலும் ஏற்பட்ட குறையும் நிரந்தரமாகவே தங்கிவிட்டது. மீளுருவாக்கத்துக்கே பேர்போன மீன், தன் மூளைக்குள்ளேயே தோற்கிறது.

இன்னொன்றும் சொல்கிறது அந்த ஆய்வு. நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கினால் புது நியூரான்கள் வருவது குறைகிறது. பார்கின்சன் பற்றிய பேச்சில் மூளை அழற்சி பெரும்பாலும் வில்லனாகவே வரும். மீனில் அதற்கு உதவிக்காரன் வேஷமும் உண்டு. எந்த நேரத்தில் எந்த வேஷம் என்பது நல்ல கேள்வி.

இந்த ஆய்விலும் குறை உண்டு. நச்சும் ஒரு முறை விழும் அடிதான். அதோடு, பார்கின்சனில் நியூரான்களுக்குள் கட்டிகட்டியாகச் சேரும் ஆல்ஃபா சைனுக்ளின் புரதத்துக்கான மரபணு இந்த மீனிடம் கிடையாது. அதன் உறவுக்கார மரபணுக்கள்தான் இருக்கு. நோயின் முக்கியக் குற்றவாளியே இல்லாத ஊரில் நடத்துகிற விசாரணை இது. இருந்தாலும் ஒரே மூளையில் வெற்றியும் தோல்வியும் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பது அபூர்வம். அங்கே எது வந்தது, இங்கே எது வரவில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மீனையும் மனிதனையும் ஒப்பிட்டால் ஆயிரம் வித்தியாசம் குறுக்கே நிற்கும். ஒரே மீனுக்குள் ஒப்பிட்டால் அந்தக் கூட்டம் ரொம்பக் குறைந்துவிடும்.

வரிக்குதிரை மீன் ஆய்வு வீண் என்று நான் சொல்லவில்லை. அது எதற்குப் பதில் சொல்கிறதோ அதற்கு மட்டும் மதிப்பெண் போடுவோம் என்கிறேன். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் இரண்டு கேள்வி கேளுங்க: அடி ஒரு முறை விழுந்ததா, இன்னும் விழுந்துகொண்டிருக்கிறதா? திரும்பி வராத செல்கள் எவை? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிற கட்டுரை கிடைத்தால் விடாதீங்க, முழுசா படிங்க.