இழை எண்ணும் விரல்கள்

நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளிப் போர்வை, தொட்டால்தான் பிடிபடும். முரட்டுப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக நூல் மேடிட்டு நிற்கிறது. தைத்ததா, நெய்ததா என்று கண் தடுமாறும். வரைந்த கோடில்லை, சட்டமில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே பெண்கள் ஊசி இறக்குகிறார்கள். ஒன்று தப்பினால் வரிசை கோணும். தைப்பது ஒரு பக்கம், அழகென்று வெளியே காட்டுவது அதன் மறுபக்கம்! 2013இல் இந்தத் தையல் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பனியன் துணியை விரலிடுக்கில் தேய்த்தே தரம் சொல்லும் திருப்பூர் நெருப்பெரிச்சல் கைகளுக்கு இந்த மேடுபள்ளம் உடனே விளங்கும். உதகைப் புல்வெளிகளில் நடந்து முத்தநாடு மந்து என்னும் தோடர் குடியிருப்புக்குப் போகிறவர்கள், தைப்பவர் இசைந்தால், அருகே சற்று உட்காரலாம். முரட்டுத் துணிக்குள் நூல் இழுபடும் மெல்லிய சரசரப்பு, மலைக்காற்று ஓயும் இடைவெளியில் கேட்கும்.