ஒரு பொத்தான், இருநூறு சீட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மாதக் கடைசி வந்தால் கணக்குப் பிரிவுக்குச் சம்பளச் சீட்டு வேலை. எக்ஸெல் கோப்பில் ஆளுக்கொரு தாள். ஒவ்வொன்றையும் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, பிடிஎஃப் என்று மாற்றி, பெயர் அடிக்க வேண்டும். இருநூறு பேருக்கு இப்படிச் செய்து நிமிர்வதற்குள் சென்னை செல்லும் மின்சார ரயில் போயிருக்கும்.

அங்கேதான் எக்ஸெலுக்குள் எழுதும் சிறு நிரலான மேக்ரோவின் அழகு. பத்துப் பன்னிரண்டு வரி போதும். தாளை எடு, கட்டத்தில் உள்ள பணியாளர் எண்ணையே கோப்பின் பெயராக்கு, பிடிஎஃப் ஆக்கு, அடுத்ததற்குப் போ. தேநீர் ஆறுவதற்குள் கோப்புறை நிறைந்துவிடும்.

எனக்குப் பிடித்தது அதிலுள்ள நுணுக்கம். கவனிக்காமல் விட்டால் 'கையில் கிடைக்கும் தொகை' என்ற கடைசிப் பத்தி மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிடும். அகலத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்கச் சொல்லலாம். ஆனால் 'ஜூம்' அமைப்பை முதலில் அணைக்காவிட்டால் எக்ஸெல் அந்தக் கட்டளையைக் காதில் போட்டுக்கொள்ளாது.

மேக்ரோவுக்கான விபிஏ மொழி எக்ஸெலுக்குள் வந்ததும், அடோபி பிடிஎஃபை வெளியிட்டதும் ஒரே ஆண்டு, 1993. எக்ஸெலிலிருந்து நேராகப் பிடிஎஃப் எடுக்கும் வசதிக்கோ 2007 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எழுதிப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேமியுங்கள். சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸில் மேக்ரோ தங்காது.