தினவர்த்தமானியும் கும்பகோணத்து வழக்கறிஞரும்

மிஷனெரிமார் நடத்திய இதழ்களைப் பற்றி எழுதுமிடத்து, நம் திருச்சபை வரலாற்றாசிரியர் பலர் ஒரே அளவுகோலைக் கையாளுகின்றனர். அவ்விதழால் எத்தனை பேர் திருச்சபையிற் சேர்ந்தனர் என்பதே அது. அதனைக் கொண்டு அளந்தால் 'தினவர்த்தமானி' தோல்வியுற்ற இதழ் என்றே முடியும். அதன் ஆசிரியராயிருந்தவரே பின்னர் சைவராகிவிட்டார் அல்லவா? இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

1855இல் சென்னையில் பெர்சிவல் ஐயர் தொடங்கிய வார ஏடு தினவர்த்தமானி. வாரம் ஒருமுறை வந்த ஏட்டிற்குத் 'தின' என்னும் அடைமொழி பொருந்துமா என்று இன்றைய வாசகர் நகைக்கலாம். அக்காலத்தார் அதனைப் பொருட்படுத்தியதாகத் தோன்றவில்லை. கிறிஸ்தவ இதழ்கள் அதற்கு முன்னரும் தமிழில் இருந்தன. 1831இல் சென்னையில் 'தமிழ் மேகசின்' வெளிவந்தது. 1841இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து 'உதயதாரகை' வந்தது. சமயப் பொருளோடு நாட்டு நடப்பையும் உலக அறிவையும் சேர்த்து அளிக்கும் வழக்கத்தை உதயதாரகை முன்னரே காட்டியிருந்தது. அவ்வழக்கத்தைப் பெர்சிவல் யாழ்ப்பாணத்திலிருந்தே கண்டறிந்தவர்.

பெர்சிவலின் மனப்போக்கை அறிய அவருடைய மற்றப் பணிகளையும் நோக்க வேண்டும். 1826 முதல் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனில் உழைத்தவர் அவர். ஆறுமுக நாவலரின் துணையுடன் அவர் செய்த திருமறை மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாயிற்று. அதனைத் தமிழகத் திருச்சபைகள் ஏற்கவில்லை. அவ்வளவு புலமை நடை தங்களுக்கு வேண்டா என்றனர் நம் முன்னோர். அதே பெர்சிவல்தான் தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்து அச்சிட்டவர். புலவர் தமிழுக்கும் தெருத் தமிழுக்கும் ஒருங்கே செவி கொடுத்த ஒருவர், திருமறையில் எய்தாத வாசகரைச் செய்தி ஏட்டில் தேடினார் என்று கொள்வது தவறாகாது எனக் கருதுகிறோம். எனினும் ஆள்வோரைத் தட்டிக் கேட்ட ஏடாகத் தினவர்த்தமானியை நாம் கற்பனை செய்துகொள்ளலாகாது. அவ்வேலையைப் பின்னர் 1882இல் தொடங்கிய மற்றொரு வார ஏடு, திருவையாற்றிற் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்', ஏற்றது.

பெர்சிவல் தம் ஏட்டிற்கு ஆசிரியராக வரவழைத்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம் பிள்ளை. 1832இல் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, வட்டுக்கோட்டை செமினரியிற் பயின்ற இளைஞர். 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். பின்னர் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் உயர்ந்து, சட்டமும் கற்று, ஓய்வு பெற்றபின் 1880களிற் கும்பகோணத்தில் வழக்கறிஞராக அமர்ந்தார். அதே ஊர்க் கல்லூரியில் 1880 முதல் தமிழாசிரியராயிருந்தவர் உ. வே. சாமிநாதையர். மடத்தில் தமிழ் கற்றவரும் மிஷன் பள்ளியில் தமிழ் கற்றவரும் காவிரிக் கரையில் ஒரே ஊரில் ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தனர். சீவகசிந்தாமணியை அச்சிட இருவருக்குமே விருப்பம், சாமிநாதையர் விட்டுக்கொடுக்கவில்லை. அது 1887இல் அவர் பதிப்பாக வந்தது. அவ்வாண்டே தாமோதரம் பிள்ளையின் கலித்தொகையும் வந்தது.

இங்கேதான் பழைய வார ஏட்டை நாம் மறத்தலாகாது. அவருடைய பதிப்புரைகளைப் படிப்பவர்க்கு ஒன்று விளங்கும். அவை புலவர்க்குப் புலவர் எழுதிய சிறப்புப்பாயிரங்கள் அல்ல. ஏடுகள் செல்லரித்து அழிகின்றன, கைதொட்டால் நொறுங்குகின்றன என்று முகமறியாத பொதுமக்களை நோக்கி முறையிடுபவை. பழிப்போர்க்கு வெளிப்படையாக மறுமொழி கூறுபவை. இஃது ஒரு பத்திராதிபரின் குரல். மடத்துக் கல்வி இதனை அவருக்குத் தந்திருக்க இயலாது. தம் கருத்தை ஊரறிய வைத்து, ஊரார் தீர்ப்பை வேண்டும் இப்பழக்கத்தைத் தினவர்த்தமானியின் மேசையில் அவர் பெற்றார் என்பதே நம் துணிபு.

அவர் சைவரானதைப் பற்றி நம்மவர் எழுதியவற்றில் ஒருவகை மனக்கசப்பு தென்படுகிறது; சிலர் அவர் பெயரையே விட்டுவிடுகின்றனர். தம் பிள்ளையை இழந்த வீட்டின் துயரம் நமக்குப் புரியாததன்று. ஆயினும் அவர் எவற்றைப் பதிப்பித்தார் என்று பார்ப்போமாக. 1881இல் வீரசோழியம், பௌத்தர் செய்த இலக்கணம். 1883இல் தணிகைப் புராணம், சைவ நூல். 1889இல் சூளாமணி, சமணர் காப்பியம். தம் சமயத்தது அல்லாத நூலையும் பாடபேதம் பார்த்து, பிழை நீக்கி, கைப்பொருள் செலவிட்டு அச்சேற்றியிருக்கிறார். அவ்வாறு பிற சமயத்தார் நூலொன்றைப் பேணி அச்சிட்ட தமிழ்த் திருச்சபை அச்சகங்கள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால், நம் விரல்களே மிகுதியாகிவிடுகின்றன.