பில்லுக்குக் கொடுத்த நம்பர்

திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் சேலை எடுத்தாலும், நாகல் நகரில் ஒரு அட்டை மாத்திரை வாங்கினாலும், பில் போடுகிறவர் பணத்துக்கு முன்பே கேட்பது, "நம்பர் சொல்லுங்க." பின்னால் வரிசை நிற்கிறது. பத்து இலக்கத்தையும் ஒப்பித்துவிட்டு நகர்கிறோம். ஆடித் தள்ளுபடிக் குறுஞ்செய்தி வருவதும், எந்த வாடிக்கையாளர் எந்த மாதம் எவ்வளவுக்கு வாங்குகிறார் என்ற கணக்கு சேர்வதும் அந்த எண்ணிலிருந்துதான். படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கிய சந்தை ஆய்வுக்கு இப்போது பில் கவுண்டரும் ஒரு களம். இதைச் சட்டம் எங்கே அனுமதிக்கிறது, எங்கே தடுக்கிறது, தடுப்பது போதுமா?

2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு மருந்துக் கடையையே உதாரணமாகச் சொல்கிறது. வாங்குகிறவர் ரசீதைக் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லித் தானாக எண்ணைத் தருகிறார்; ரசீது அனுப்பக் கடை அதைப் பயன்படுத்தலாம். அதே எண்ணை வைத்து அவர் சர்க்கரை மாத்திரை வாங்கும் வழக்கத்தைத் தொகுத்தால் அது வேறு வேலை. அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். எதற்காக என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும், வாங்குகிறவர் விரும்பினால் அந்த அறிவிப்பு தமிழிலும் கிடைக்க வேண்டும், கொடுத்த அளவு சுலபமாகச் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். இந்தக் கோடு தெளிவானது. குறை சொல்ல இடமில்லை.

சிக்கல் 17ஆம் பிரிவில் தொடங்குகிறது. ஆய்வு, ஆவணக் காப்பு, புள்ளிவிவரம் ஆகியவற்றுக்கு அங்கே விலக்கு உண்டு. ஆனால் 'ஆய்வு' என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. காந்திகிராமத்து மாணவர் கிராமத்தில் எடுக்கும் கணக்கெடுப்பும், சோப்புக் கம்பெனி எடுக்கும் கணக்கெடுப்பும் ஒரே கதவில் நுழையப் பார்க்கும். இதை ஓட்டை என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சலிக்கும் வேலையை அந்த விலக்கின் நிபந்தனை செய்கிறது: கிடைத்த தரவை வைத்துத் தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. சின்னாளபட்டியில் எத்தனை வீட்டில் எந்தச் சோப்பு என்று எண்ணினால் அது ஆய்வு. 'இந்த வீட்டுக்காரருக்குப் போன் போடு' என்று அதே தாள் விற்பனைப் பிரிவுக்குப் போனால் விலக்கு அந்த நிமிடமே போய்விடும். ஆய்வென்று சொல்லி விற்பனை செய்யக் கூடாது என்பது எசோமார் போன்ற உலகச் சந்தை ஆய்வு அமைப்புகளின் நெறியிலும் நெடுநாளாக இருப்பதுதான்.

"பேரை எடுத்துவிட்டோம், பிறகென்ன?" என்பது இந்தத் தொழிலில் வழக்கமான சமாதானம். அது நிற்காது. இந்தியச் சந்தை ஆய்வில் 2011இல் வந்த தரப்பிரிப்பு முறை, குடும்பச் செலவுக்கு அதிகம் தருகிறவரின் படிப்பையும் 11 உடைமைகளையும் கேட்கிறது: மின் இணைப்பு, மின்விசிறி, கேஸ் அடுப்பு, பிரிட்ஜ், கார், ஏசி, விவசாய நிலம் என்று அது நீளும். சென்னையில் இந்த விடைகள் கூட்டத்தில் கரையும். சிறுமலை அடிவாரத்துச் சிற்றூரில் பட்டம், கார், ஏசி, நிலம் நான்கும் சேர்ந்த வீடு ஒன்றே ஒன்றாக இருக்கலாம். பேரில்லாமலே ஊருக்கு அடையாளம் தெரியும். அடையாளம் காண முடிகிற தரவெல்லாம் தனிநபர் தரவே என்று சட்டம் சொல்வதால், கணினியில் ஏறும்போது அந்த விடைகளும் அதற்குள் வரும்.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். இவ்வளவு கெடுபிடி சிறு தொழிலை நசுக்காதா? கையால் செய்யும் திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அலிகார் பூட்டிடம் சந்தையை விட்ட தொழில் அது. மாங்காய்ப் பூட்டு என்ற திண்டுக்கல் வகையை இன்று யார், எதற்கு வாங்குகிறார்கள் என்று பட்டறைக்காரர் அறிய வேண்டாமா? கட்டாயம் அறிய வேண்டும். ஆனால் விலையா, கனமா, கடையில் கிடைக்காததா என்று கேட்பதற்கு வாங்கியவரின் கைப்பேசி எண் எதற்கு? எண்ணில்லாத ஆய்வுக்குச் சட்டத்தால் செலவு கூடாது. கூடும் செலவு, ஆய்வின் பெயரில் ஆள் பட்டியல் சேர்ப்பவருக்குத்தான்.

சட்டம் சறுக்குவது பரிகாரத்தில். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது, எண் கசிந்தவருக்கு ஒரு பைசா இல்லை. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க இடம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. வேறு இடைவெளிகளும் உண்டு. தாளில் எழுதித் தாளிலேயே வைத்திருக்கும் படிவம் சட்டத்தின் வரம்புக்குள் வராது. கணினியில் ஏற்றினால்தான் வரும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. சம்மதம் பற்றிய கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும்.

ஆக, என் தீர்ப்பு இது. ஆய்வுக்கும் ஆள்பிடிப்புக்கும் இடையே சட்டம் போட்ட கோடு சரி. 'ஆய்வு' என்ற சொல்லை இறுக்கி வரையறுத்திருந்தால் மாணவருக்குத்தான் முதலில் அடி விழுந்திருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டுகிறவரிடமிருந்து பாதிக்கப்பட்டவருக்கு எதுவும் வாங்கித் தராதது பெரிய குறை. இழப்பீடு திரும்ப வராமல் இந்தச் சட்டத்துக்குப் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் போட முடியாது. இப்போதைக்குக் கையில் இருப்பது ஒன்று: பில்லுக்காகக் கைப்பேசி எண்ணை வற்புறுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் இல்லாம பில் போடுங்க" என்று சொல்லலாம். வரிசை நின்றாலும் சொல்லலாம்.