சமணமலைச் சிற்பங்களில் எங்கே பார்ப்பது?

சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்தில் முகபாவம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். கோபமில்லை, சிரிப்பில்லை, நகையுமில்லை. எல்லா முகமும் ஒன்றுபோல. ஆசையை வென்றவருக்கு அதெல்லாம் எதற்கு? சமணமலை இருக்கும் கீழக்குயில்குடிக்குப் போனால் தலைக்கு மேலும் பாதத்துக்குக் கீழும் பாருங்கள். உச்சிவெயில் வேண்டாம், சாய்ந்த வெயிலில்தான் புடைப்பு எழும்பித் தெரியும்.

மதுரைக்கு மேற்கே, நாகமலை புதுக்கோட்டையை அடுத்த ஊர் அது. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். படியேறினால் பேச்சிப்பள்ளம். சுனையை ஒட்டிய பாறையில் வரிசையாக எட்டு உருவங்கள். தலைக்கு மேல் நாகம் படம் விரித்தால் பார்சுவநாதர். காலில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி. அசையாமல் நின்று தவம் செய்ததில் கொடி படர்ந்துவிட்டது. முக்குடையின் கீழ் அமர்ந்தவரை மகாவீரர் என்பார்கள்.

இனி பாதத்துக்குக் கீழே. அங்கே இருப்பது 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்து. ஓர் உருவத்தைச் செய்வித்தவர் குணமதியார், அச்சணந்தியின் தாய். ஆனைமலை, அழகர்மலை, ஐவர்மலை என்று மலைமலையாகக் கல்வெட்டில் வரும் துறவி அச்சணந்தி. வீட்டை விட்டுப் போன மகனின் பெயரைச் சொல்லித்தான் தாய் தன்னை யாரென்று காட்டிக்கொள்கிறார்! தீர்த்தங்கரர் வரம் தருவதில்லை. திருமேனி செய்விப்பதே புண்ணியம். ஒப்பிட்டுப் பாருங்கள்: 8ஆம் நூற்றாண்டில் ஹோண்டுராஸின் கோபான் நகரில் மாயா மன்னன் நட்ட கற்றூண்களில் அவன் உருவமே ஓங்கி நிற்கும். இங்கே செய்வித்தவருக்கு ஒரு வரிதான்.

அடுத்து, மலையின் இன்னொரு பக்கத்திலுள்ள செட்டிப்புடவு. குகை வாயிலருகே பெரிய மகாவீரர். நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்கிறார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்பேன். கனகவீரப் பெரியடிகள் என்ற துறவி இதைச் செய்வித்ததே குயில்குடி ஊராரின் பேரில்தான். காவலுக்குப் பள்ளிச்சிவிகையார் என்போரையும் அந்தக் கல்வெட்டு குறிக்கிறது.

பலர் இங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். குனிந்து உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். சிங்கத்தின் மேலிருந்து இயக்கி என்னும் சமணப் பெண் தெய்வம் வில்லை வளைக்கிறாள். எதிரே யானை மேல் வாளும் கேடயமுமாக ஒரு வீரன். பக்கத்திலேயே மூன்று தீர்த்தங்கரர்கள், சண்டையைக் கண்டுகொள்ளாமல்.