கலங்கல் நீரில் ஒரு படம்

விருதுநகர் மாவட்டத்தில் அர்ச்சுனா நதியின் குறுக்கே உள்ள ஆனைக்குட்டம் அணை போன்ற நீர்நிலைகளில் கண்ணாடித் தெளிவை எதிர்பார்க்க முடியாது. அடித்து வரும் வண்டலும் மிதக்கும் நுண்பாசியும் நீரைப் பழுப்பும் பச்சையுமாக்கிவிடுகின்றன. அங்கே நீருக்கடியில் எடுக்கும் படத்துக்குப் பெரிய எதிரி இருட்டல்ல, துகள். கேமராவிலேயே உள்ள ஃபிளாஷ் ஒளிர்ந்தால் லென்ஸுக்கு முன்னுள்ள ஒவ்வொரு துகளும் வெள்ளைப் புள்ளியாகப் பதியும். மார்கழிப் பனிமூட்டத்தில் ஹெட்லைட்டைத் தூக்கிப் போட்ட கதைதான். அந்த ஃபிளாஷை அணைத்துவிட்டு, தனி விளக்கைப் பக்கவாட்டில் தள்ளி, சற்றே வெளிப்புறம் திருப்பி வைக்க வேண்டும். ஒளியின் ஓரம் மட்டும் மீனைத் தொடும். லென்ஸுக்கு நேர் எதிரே உள்ள நீர் இருண்டே கிடக்கும்.

விளக்கைவிடத் தூரம் முக்கியம். கெளுத்தியோ கெண்டையோ, ஓரடிக்குள் நெருங்கினால்தான் மீசையும் செதிலும் தெரியும். அதற்கு அகலக் கோண லென்ஸ் உதவும். ஜூம் வீண், இடையிலுள்ள கலங்கலை அது குறைப்பதில்லை. காலை உதைத்தால் அடிவண்டல் கிளம்பும், அது அடங்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. காற்றில்லாத நாளின் உச்சிவெயில் நல்ல நேரம்.

நிறம் தேறாத படத்தைக் கருப்பு வெள்ளையாக்குவதில் குறையொன்றுமில்லை. 1893இல் பிரான்சின் பான்யுல்ஸ் கடலடியில் நீரடிப் படக்கலை முன்னோடி லூயி பூத்தான் எடுத்தவையும் கருப்பு வெள்ளைதான்.

அணைநீரில் இறங்குவது ஆபத்து. சிறிய நீர்புகாக் கேமராவை நீண்ட கழியில் கட்டிக் கரையிலிருந்தே இறக்கலாம்; அதற்கும் அணை அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.