ஐம்பதாண்டு வரைந்த தோட்டம்

இலங்கையின் பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரிக்கரையில் இருக்கிறது லுணுகங்கா. ரப்பர் மரங்கள் நின்ற இந்த நிலத்தை 1940களின் இறுதியில் வாங்கியவர் ஜெஃப்ரி பாவா. அப்போது அவர் வழக்கறிஞர். தோட்டம் அமைக்கும் ஆசைதான் அவரைக் கட்டடக்கலை படிக்க லண்டனுக்கு அனுப்பியது. 1957இல் தேர்ச்சி பெற்றார். ஸ்ரீ ஜெயவர்தனபுர கோட்டையிலுள்ள இலங்கை நாடாளுமன்றக் கட்டடம் அவர் கைவண்ணமே.

ஏரி கண்ணில் படவேண்டுமென்று கறுவாக் குன்றின் உச்சியைத் தாழ்த்தினார். அங்கே ஒரு மரத்தடியில் பெரிய சீனச் சாடி. வீட்டிலிருந்து பார்ப்பவரின் கண் முதலில் சாடியில் நிற்கும். பிறகு ஏரிக்குத் தாவும். அதையும் தாண்டித் தூரத்து வெள்ளைத் தாதுகோபத்தில் முடியும்.

ஈழத்தலரியின் கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டு, அவற்றை வேண்டிய பக்கம் வளைத்தார். பொழுது சாய்ந்தால் அதன் பூ மணக்கும்.

காதுக்கும் வேலை உண்டு. தோட்டத்தின் பல மூலைகளில் மணிகள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் தனி நாதம். மணியோசையைக் கேட்டே பாவா எங்கே அமர்ந்திருக்கிறார் என்று பணியாளர் அறிவார்கள்.

2003இல் பாவா மறைந்தார். அவர் உடல் தகனமானதும் அந்தக் கறுவாக் குன்றில்தான். தோட்டம் இன்றும் பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. போகிறவர்கள் அவசரப்படாமல் நடக்கலாம்.